டெகான்: புதுச்சேரியில் இறங்க முடியாத ஜெனரலும் மஸ்கட் துறைமுகமும்

நெப்போலியனைப் பற்றி எம்மவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வாட்டர்லூ, எல்பா, சென்ற் ஹெலனா என்று பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கியவர்கள் நாங்கள். பாரிசில் இருக்கும் உறவுகள் ஊரில் இருந்து வருபவர்களை ஆர்க் து திரியோம்ஃபுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்காமல் விடுவதில்லை. அந்த வளைவின் உட்சுவர்களில் நூற்றுக்கணக்கான தளபதிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று டெகான்.  அந்த வளைவைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போய்வரும் எங்கள் பொடியங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்த மனிதர் புதுச்சேரிக்கு வந்து கரையில் குடியேற முடியாமல் திரும்பியவர் என்று? வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கும் இவர் கதையில் பங்கு இருக்கிறது. மஸ்கட்டில் தொடங்கி றாஸ் அல் கைமா வரைக்கும் அது நீளும்.

முழுப்பெயர் ஷார்ள் மத்தியூ இசிடோர் டெகான். 1769 ஏப்ரலில் நோர்மண்டிப் பகுதியில் உள்ள கான் என்ற நகரில் பிறந்தார். அதே 1769இல்தான் நெப்போலியனும் பிறந்தார், அவரை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டனும் பிறந்தார். இவருடைய பெயரைப் பிரெஞ்சுக்காரர் உச்சரிப்பதைக் கேட்டால் 'டெக்கான்' என்று தக்காணத்தைச் சொல்வதுபோல இருக்கும். இந்தியாவைப் பிடிக்கக் கனவு கண்ட ஆளுக்கு அப்படி ஒரு பெயர், பகிடிதான்.

இளமையில் கடற்படைப் பீரங்கிப் பிரிவில் கொஞ்சக் காலம் இருந்தார், பிறகு சட்டம் படித்தார். புரட்சி வந்து 1792இல் ஐரோப்பிய அரசர்கள் பிரான்சைச் சூழ்ந்தபோது தொண்டர்படையில் சேர்ந்தார். அந்தப் படைகளில் மேலே போவதற்குக் குலம் தேவையில்லை, உயிரோடு மிஞ்சுவதே பெரிய தகுதி. மைன்ஸ் நகர முற்றுகையில் கிளேபரின் கீழ் நின்றார். பிறகு வாந்தே பகுதியில் அரசருக்கு ஆதரவாக எழும்பிய சொந்தநாட்டு விவசாயிகளுக்கு எதிரான போர். அது மிகவும் அசிங்கமான போர், இரண்டு பக்கமும் இரக்கம் காட்டவில்லை. அங்கிருந்து றைன் நதிப் படைக்குப் போனார். 1796இல் பிரிகேட் ஜெனரல். 1800இல் டிவிஷன் ஜெனரல். அந்த ஆண்டு கோடையில் மூனிக் நகருக்குள் நுழைந்தவர் இவர்தான்.

1800 டிசெம்பர் 3. மூனிக்குக்குக் கிழக்கே ஹோஹென்லிண்டன் காட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒஸ்திரியப் படை காட்டுப் பாதையால் நீளமாக வந்துகொண்டிருக்க, பிரெஞ்சுத் தளபதி மொரோ இரண்டு டிவிஷன்களைச் சுற்றிப்போய்ப் பின்பக்கத்தில் அடிக்கச் சொன்னார். முதலாவது ரிஷ்பான்சினுடையது, இரண்டாவது டெகானுடையது. ஒஸ்திரியா அன்றைக்கு நொருங்கிப்போனது. இந்தத் திகதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிசெம்பர் 3 இன்னொருமுறை வரும்.

ஆனால் ஒரு சிக்கல். இந்த வெற்றி நெப்போலியனுடையது அல்ல, மொரோவினுடையது. மொரோவை நெப்போலியனுக்குப் பிடிக்காது. மொரோவின் ஆட்கள் என்று பெயர் எடுத்தவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே தேடவேண்டிய காலம் அது. டெகான் தேடியது இந்தியா. ஆங்கிலேயரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று யோசித்தவர்களுக்கெல்லாம் அன்று வந்த விடை அதுதான். நெப்போலியனும் அதே கனவைக் கண்டவர்தான், அதுவும் வளைகுடா வழியாக.

இந்த இடத்தில் நாலு வருடம் பின்னுக்குப் போகவேண்டும். 1798இல் நெப்போலியன் எகிப்தைப் பிடித்தார். 1799 ஜனவரி 25ஆம் திகதி கெய்ரோவில் இருந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று மைசூர் திப்பு சுல்தானுக்கு. மற்றது மஸ்கட் ஆட்சியாளருக்கு, 'நான் எகிப்துக்கு வந்துவிட்டேன், நாங்கள் நண்பர்கள், இத்துடன் உள்ள கடிதத்தைத் திப்புவுக்கு அனுப்பிவைக்கவும்' என்ற பொருளில். அதாவது மஸ்கட்தான் தபால்கந்தோர்! கடிதங்கள் மஸ்கட் வந்து சேரவில்லை. செங்கடலில் வைத்தே ஆங்கிலேயரின் கையில் சிக்கின. அந்த மே மாதம் 4ஆம் திகதி சிறீரங்கப்பட்டணக் கோட்டை வாசலில் திப்பு விழுந்தார்.

மஸ்கட்டில் அப்போது இருந்தவர் சையித் சுல்தான் பின் அஹ்மத். இன்றைய ஓமான் அரச குடும்பத்தின் முன்னோர். அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மஸ்கட்டில் மழை இல்லை, பின்னால் மொட்டை மலை, முன்னால் கடல். வருமானம் முழுக்கக் கப்பலில். அரிசி இந்தியாவில் இருந்து வரவேண்டும், அடிமைகளும் தந்தமும் கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து வரும், கோப்பி மோக்காவில் இருந்து வரும், பேரீச்சை பஸ்ராவில் இருந்து வரும். எல்லாருக்கும் வியாபாரம் செய்தால்தான் பிழைப்பு. ஆங்கிலேயர் 1798 ஒக்டோபரில் ஒரு ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள்: பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுக்கக்கூடாது, சேவையில் இருக்கும் பிரெஞ்சுக்காரரையும் நீக்கவேண்டும் என்று. 1800 ஜனவரியில் மல்கம் என்ற அதிகாரி வந்து, ஆங்கிலேயப் பிரதிநிதி ஒருவர் மஸ்கட்டிலேயே நிரந்தரமாக இருப்பார் என்று இன்னொன்றில் வாங்கினார். முதலில் இருத்தியது ஒரு வைத்தியரை. அவர் சில மாதங்களிலேயே செத்துப்போனார். மஸ்கட் வெயில் அந்தக் காலத்து வெள்ளைக்காரரைச் சும்மா விட்டதில்லை. குளிரூட்டி இல்லாத மஸ்கட்டை நினைத்துப் பார்க்க எங்களாலேயே முடியாது.

இனி டெகானுக்கு வருவோம்.

1802 மார்ச்சில் ஆமியான் சமாதானம் கையொப்பமானது. அந்த ஒரே தாளில் எங்கள் ஆட்களின் தலையெழுத்து இரண்டு இடத்தில் எழுதப்பட்டது. 1795இல் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் 1796இல் கொழும்பையும் ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள் அல்லவா, அவை இனி ஆங்கிலேயருக்கே சொந்தம் என்று எழுதினார்கள். புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் யாரையும் கேட்கவில்லை. புதுச்சேரியிலும் யாரையும் கேட்கவில்லை.

புதுச்சேரியைப் பொறுப்பேற்க அனுப்பப்பட்டவர் டெகான், இந்தியாவில் உள்ள பிரெஞ்சு இடங்களின் தலைமைத் தளபதி என்ற பதவியோடு. 1803 மார்ச் 6ஆம் திகதி பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டார். கடற்படைக்குத் தலைவர் லினுவா. மரெங்கோ என்ற 74 பீரங்கிக் கப்பலும் சில ஃபிரிகேட்டுகளும். படையாட்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அதிகாரிகள் அந்தப் படைக்குத் தேவையானதைவிட அதிகம். ஏனென்றால் அவர்கள் இந்திய மன்னர்களின் சிப்பாய்களைப் பழக்கி வழிநடத்தவேண்டியவர்கள். நெப்போலியனின் இரகசிய அறிவுறுத்தலும் அதுதான்: வெளியே நல்லபிள்ளையாக இரு, ஆங்கிலேய ஆட்சியால் மனம் நொந்த மன்னர்கள் யார், எத்தனை படை தேவை, எந்தத் துறைமுகம் தாங்கும் என்று எல்லாவற்றையும் அறிந்து எழுது.

1803 ஜூலை 11ஆம் திகதி கப்பல்கள் புதுச்சேரிக்கு முன்னால் நங்கூரம் போட்டன. அங்கே கண்ட காட்சிதான் இந்தக் கதையின் மையம். முன்கூட்டியே போன 'பெல் பூல்' என்ற கப்பலில் பினோ என்ற அதிகாரி நூற்றுச் சொச்சம் பேரோடு ஊருக்குள் இறங்கியிருந்தார். ஆனால் ஊர் அவர் கையில் இல்லை. ஆங்கிலேயர் கோட்டை, கிட்டங்கி, கணக்கு எதையும் ஒப்படைக்கவில்லை. சென்னை அரசுக்கு கல்கத்தாவில் இருந்து வெல்லெஸ்லியின் உத்தரவு, கொடுக்கவேண்டாம் என்று. ஒப்பந்தம் இருக்கிறதே என்றால், இருக்கிறது, மேலிடத்துப் பதில் வரட்டும் என்று சொல்லுவார்கள். எங்கள் வாசகர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. கையில் சரியான தாள் இருக்கும், அதில் முத்திரை இருக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'இன்னும் எங்களுக்கு அறிவித்தல் வரவில்லை' என்பார். அகதிக்கு மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்தோம், நெப்போலியனின் ஜெனரலுக்கும் நடந்திருக்கிறது!

கடலில் இன்னும் மோசம். ஆங்கிலேய அட்மிரல் றெய்னியர் பெரிய கப்பற்படையோடு கடலூர்ப் பக்கம் நின்றார். பிரெஞ்சுக் கப்பல்கள் வந்ததும் அவரும் கிட்ட வந்து நங்கூரம் போட்டார். எல்லாம் மரியாதையாகத்தான். லினுவாவைக் காலைச் சாப்பாட்டுக்கும் அழைத்தார். ஆனால் ஜூலை 12ஆம் திகதி பிரான்சில் இருந்து ஒரு சிறிய கப்பல் அவசரச் செய்தியோடு வந்து சேர்ந்தது: போர் மீண்டும் வரப்போகிறது, ஈல் து பிரான்சுக்குப் போ. உண்மையில் ஐரோப்பாவில் மே 18ஆம் திகதியே போர் அறிவித்தாகிவிட்டது. கடற்கரையில் நின்ற இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாது. அன்றிரவு லினுவா சத்தமில்லாமல் பாயை விரித்தார். நங்கூரங்களையும் வள்ளங்களையும் விட்டுவிட்டே போனார்கள். விடிந்து பார்த்தால் கடல் வெறுமை. காலைச் சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லை.

பினோவும் அவருடைய ஆட்களும் கரையில் விடப்பட்டார்கள். செப்டெம்பரில் அவர்கள் கைதிகளானார்கள். தளபதிகளின் வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் கொஞ்சம் நிற்கிறேன். கடலில் ஒரு இரவு விளக்குகள் தெரிந்தன, அடுத்த காலை தெரியவில்லை. கரையில் நின்றவன் என்ன நினைத்திருப்பான்? டெகான் செய்தது படைக்கணக்கில் சரி என்றே படுகிறது. நின்றிருந்தால் எல்லாக் கப்பலும் போயிருக்கும். ஆனால் சரியான முடிவுகளுக்கும் யாரோ ஒருவன் கரையில் நின்று விலை கொடுக்கிறான்.

ஓகஸ்டில் ஈல் து பிரான்ஸ், அதாவது இன்றைய மொரீசியஸ் சேர்ந்தார். அடுத்த ஏழு வருடம் அந்தத் தீவுதான் அவருடைய இராச்சியம். அங்கே தமிழர் புதியவர்கள் அல்ல. 1730களில் இருந்தே லாபூர்தொனே என்ற ஆளுநர் புதுச்சேரியில் இருந்து கொல்லர், தச்சர், கல்வேலைக்காரரைக் கொண்டுவந்தார். போர்ட் லூயியில் 'மலபார் முகாம்' என்றே அவர்களுக்கு ஒரு குடியிருப்பு இருந்தது. டெகான் வந்ததும் குடியேறிகள் தாங்களே நடத்திய சபையைக் கலைத்தார், சட்டங்களைத் திருத்தினார், பள்ளிக்கூடம் அமைத்தார், மாஹேபூர் என்ற ஊரை உருவாக்கினார். போர்ட் லூயிக்குப் போர்ட் நெப்போலியன் என்று பெயர் மாற்றினார்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லவேண்டும். 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அடிமைமுறையை ஒழித்தது. மொரீசியசில் இருந்த தோட்ட முதலாளிகள் அதை ஏற்கவே இல்லை. 1796இல் அறிவிக்க வந்த பிரதிநிதிகளைத் துரத்தினார்கள். 1802இல் நெப்போலியன் அடிமைமுறையைச் சட்டமாகத் திரும்பவும் உறுதிசெய்தார். அதை அந்தத் தீவில் நிலைநிறுத்தியவர் டெகான். நிறத்தின்படி உரிமை பிரிக்கும் விதிகளும் வந்தன. சுதந்திரம் சமத்துவம் என்று பாடிக்கொண்டு 1792இல் படையில் சேர்ந்த சட்ட மாணவன் இவர்தான். நல்ல நிர்வாகி, இலஞ்சம் வாங்காதவர் என்றெல்லாம் புகழ்கிறார்கள். இருக்கலாம். அந்த நிர்வாகம் யாருடைய முதுகில் நின்றது என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

இன்னொரு கதையும் உண்டு. 1803 டிசெம்பரில் மத்தியூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி ஓட்டைக் கப்பல் ஒன்றில் மொரீசியசுக்கு வந்தார். அவுஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் எடுத்தவர், அந்தக் கண்டத்துக்கு அந்தப் பெயரே நிலைக்கக் காரணமானவர். அவரிடம் பிரெஞ்சு அரசு கொடுத்த கடவுச்சீட்டு இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த கப்பல் 'இன்வெஸ்டிகேற்றர்'. அது உழுத்துப்போனதால் அவர் வந்தது 'கம்பர்லாண்ட்' என்ற வேறு கப்பலில். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஆளும் பொருந்தவில்லை என்று தடுத்துவைத்தார் டெகான். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கோபத்தில் இருந்த ஃபிளிண்டர்ஸ் வர மறுத்தார். அதோடு இரண்டு பிடிவாதக்காரரும் மோதிக்கொண்டார்கள். ஆறரை வருடம்! விடுவிக்கலாம் என்று பாரிஸ் 1806இல் அனுமதித்த பிறகும் டெகான் விடவில்லை. தீவின் பலவீனம் இவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது காரணம். 1810 ஜூனில்தான் விட்டார். நாலு வருடத்தில் ஃபிளிண்டர்ஸ் இறந்தார், அவருடைய பயண நூல் வெளிவந்து அடுத்த நாள். புதுச்சேரி வாசலில் தாள் செல்லாது என்று தடுக்கப்பட்டவர், ஆறு மாதம் கழியமுன் இன்னொருவரின் தாளைச் செல்லாது என்று தடுத்தார்.

வளைகுடாவுக்குத் திரும்புவோம். மொரீசியசில் சாப்பாடு போதாது. கரும்பும் கோப்பியும் கிராம்பும் விளையும், தானியம் வெளியே இருந்து வரவேண்டும். ஆங்கிலேயர் கடலை அடைத்துவிட்டார்கள். டெகானுக்குப் படையைவிட முக்கியமான தேவை ஒரு நடுநிலை வியாபாரி. அந்த வியாபாரி மஸ்கட். 1803 ஒக்டோபரில் கவேனியாக் என்பவரை மஸ்கட்டில் பிரெஞ்சுக் கொன்சலாக இருக்க அனுப்பினார்கள். சையித் சுல்தான் ஏற்றுக்கொள்ள மறுத்தார். அவருடைய வியாபாரக் கப்பல்கள் பம்பாயிலும் மற்ற இந்தியத் துறைமுகங்களிலும் நின்றன. பிரெஞ்சுக்காரரை ஏற்றால் அடுத்த நாள் அவை எல்லாம் பறிபோகும். கவேனியாக் வந்த கப்பலிலேயே திரும்பிப்போனார். சுல்தானுக்கு பிரெஞ்சுக்காரர் மேல் வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. கணக்குத்தான். வளைகுடாவில் கபீலை மாற்றமுடியாமல் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு விளங்கும்.

அடுத்த வருடம், 1804 நவம்பரில், சையித் சுல்தான் லிங்கா அருகே கடலில் காசிமிகளோடு நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். வாரிசுச் சண்டை முடிந்து 1806இல் அவருடைய மகன் சயீத் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு. அதே ஆண்டு மஸ்கட்டில் வைத்தே ஒரு பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்தார்கள். உன் துறைமுகத்தில் எங்கள் கப்பலுக்குப் பாதுகாப்பில்லையா என்று பிரெஞ்சுக்காரர் மஸ்கட்டின் கப்பல்களைப் பிடித்தார்கள். இரண்டு யானைகள் சண்டை, நடுவில் பதினாறு வயசுப் பொடியன்.

அந்தப் பொடியன் கெட்டிக்காரன். மாஜித் பின் கல்ஃபான் என்ற தூதரை மொரீசியசுக்கு அனுப்பினார். 1807 ஜூனில் டெகானோடு ஒரு ஒப்பந்தம் முடிந்தது: சமாதானம், வியாபாரம், ஒருவர் கப்பலை மற்றவர் தொடுவதில்லை. ஆங்கிலேயரோடு செய்த ஒப்பந்தமும் கிழிக்கப்படவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயக் கப்பல்களை மஸ்கட் வியாபாரிகள் மலிவாக வாங்கினார்கள். வாடைக்காற்றில் போய் சோளகத்தில் திரும்பும் ஓட்டம். பம்பாயில் இருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். இந்தச் சயீத் பிறகு ஐம்பது வருடம் ஆண்டார், சன்சிபார் வரைக்கும். டெகானின் ஏழு வருட வெளிநாட்டு விவகாரத்தில் உருப்படியாகக் கைகூடியது இந்த ஒரு ஒப்பந்தம்தான் என்று நினைக்கிறேன்.

அதே 1807இல் நெப்போலியன் இன்னொரு ஜெனரலைப் பாரசீகத்துக்கு அனுப்பினார். கர்தான் என்பவர். ஃபிங்கன்ஸ்டைன் என்ற இடத்தில் பாரசீகத்தோடு ஒப்பந்தம், அங்கிருந்து தரைவழியாக இந்தியாவுக்குப் படை என்று திட்டம். கர்தானின் அதிகாரிகள் பாதைகளை அளந்தார்கள், இஸ்பகானில் பீரங்கி வார்த்தார்கள். ஆனால் அவர் தெஹ்ரான் சேர முன்னரே நெப்போலியன் பாரசீகத்தின் எதிரியான ரஷ்யாவோடு சமாதானம் செய்துவிட்டார். 1809இல் கர்தான் மூட்டையைக் கட்டினார். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலேயருக்கு வந்த பயம் உண்மையானது. மஸ்கட்டில் டெகானின் கை, தெஹ்ரானில் கர்தானின் கை, நடுவில் வளைகுடா.

அந்தப் பயமும் சேர்ந்துதான் 1809இல் றாஸ் அல் கைமாவில் இறங்கியது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலேயர் சொன்ன காரணம் கடற்கொள்ளை. காசிமிகள் கப்பல்களைத் தாக்கியது உண்மை. ஆனால் 'கடற்கொள்ளைக்காரர்' என்ற பெயரை யார் யாருக்குச் சூட்டினார்கள் என்பது வேறு கேள்வி. ஷார்ஜா ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் முகமட் அல் காசிமி இதை மறுத்து ஒரு ஆய்வே எழுதி 1986இல் நூலாக வெளியிட்டார். வியாபாரத்தைப் பிடிக்க வந்தவர்கள் கட்டிய கதை அது என்பது அவருடைய வாதம். தன் குலத்துக்காக வாதாடுகிறார் என்று ஒதுக்கலாம். பம்பாய் ஆவணங்களை வைத்தே வாதாடுகிறார் என்பதால் இலேசாக ஒதுக்க முடியாது. பெயர் சூட்டுபவன் கையில்தான் பேனா இருக்கும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள்.

1809 நவம்பர் 13ஆம் திகதி பம்பாயில் இருந்து வந்த படை றாஸ் அல் கைமாவில் இறங்கி நகரைக் கொளுத்தியது, துறையில் நின்ற கப்பல்களை எரித்தது. அந்தப் படையெடுப்பின் தலைமைக் கப்பல் பெயர் 'ஷிஃபோன்'. பெயரைப் பாருங்கள், பிரெஞ்சுப் பெயர். அது உண்மையில் பிரெஞ்சுக் கப்பல்தான். நெப்போலியனுக்கு எதிரானவர்கள் என்று பாரிசில் பிடிக்கப்பட்ட புரட்சியாளரை 1801இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தக் கொண்டுவந்த கப்பல். ஆட்களை இறக்கிவிட்டு நின்றபோது ஆங்கிலேயர் அதைப் பிடித்துத் தங்கள் கடற்படையில் சேர்த்தார்கள். நாடுகடத்தப்பட்டவர்களைச் சுமந்த கப்பல், எட்டு வருடம் கழித்து இன்னொருவர் ஊரைக் கொளுத்த வந்தது. 1819இல் இன்னும் பெரிய படை வந்தது. 1820இல் கடலோர ஷேக்குகள் எல்லாரும் ஒப்பந்தத்தில் கையொப்பம் இட்டார்கள். இன்றைய எமிரேற்சின் வரலாறு அந்தத் தாளில் இருந்து நீளுகிறது.

வளைகுடா கையில் வந்தபிறகு மொரீசியஸ். 1810 ஜூலையில் பக்கத்துத் தீவான ரியூனியனை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் கிரான் போர்ட் என்ற துறையில் நாலு ஆங்கிலேய ஃபிரிகேட்டுகளைப் பிரெஞ்சுக்காரர் தோற்கடித்தார்கள். இரண்டு எரிந்தன, இரண்டு சரணடைந்தன. ஆர்க் து திரியோம்ஃபில் வெட்டப்பட்ட ஒரே கடற்போர் வெற்றி அதுதான். ஆனால் வெற்றி சோறு போடாது. நவம்பர் 29ஆம் திகதி ஜெனரல் அபர்குரொம்பியின் படை தீவின் வடக்கே இறங்கியது. டெகானிடம் இருந்த முறைப்படையைவிடப் பல மடங்கு. சென்னை, வங்காளம், பம்பாய் என்று மூன்று மாகாணத்தின் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களைப் பழக்கி ஆங்கிலேயரை அடிக்க வந்த ஜெனரலை, ஆங்கிலேயர் பழக்கிய இந்தியச் சிப்பாய்கள் வந்து அடித்தார்கள். சென்னைப் படையில் வந்த தமிழன், மலபார் முகாமில் இருந்த தமிழனைச் சந்தித்திருப்பானா, என்ன கதைத்திருப்பான்? அதை எழுத அன்று யாரும் இருக்கவில்லை.

டிசெம்பர் 3ஆம் திகதி தீவு சரணடைந்தது. ஹோஹென்லிண்டன் நடந்து சரியாகப் பத்து வருடம். ஆனால் டெகான் வாங்கிய நிபந்தனைகளைப் பார்த்தால் அவர் தோற்றவர் போல் இல்லை. அவருடைய படையாட்கள் போர்க்கைதிகள் அல்ல, ஆங்கிலேயரின் செலவிலேயே பிரான்சுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். தீவு மக்களின் மதம், சட்டம், வழக்கம் அப்படியே இருக்கும். லண்டனில் இதற்காக அபர்குரொம்பியைத் திட்டினார்கள். அந்த நிபந்தனையால்தான் ஆங்கிலேயர் 158 வருடம் ஆண்டபிறகும் மொரீசியசில் பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சுச் சட்டமும் மிஞ்சின. சட்டம் படித்த ஜெனரல் என்பது அங்கே தெரிகிறது. படையைவிடப் பேனாவில்தான் அவர் கெட்டிக்காரர் போலும். அதே 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடிமைமுறையும் அடங்கியது. 1835 வரைக்கும் அது அங்கே நீடித்தது.

பிரான்ஸ் திரும்பிய டெகானை நெப்போலியன் தண்டிக்கவில்லை. 1811இல் கத்தலோனியாவுக்கு அனுப்பினார். அங்கே கெரில்லாப் போர், யாரும் பேர் எடுக்காத இடம். 1813 கடைசியில் ஒல்லாந்துக்கு அனுப்பினார். அங்கே சில கோட்டைகளை விட்டுப் பின்வாங்கியதற்காக ஏச்சு வாங்கினார். 1814இல் அரசர் திரும்பினார், டெகான் அரசரின் சேவையில் போர்தோவில் இருந்தார். 1815இல் நெப்போலியன் எல்பாவில் இருந்து வந்தார், டெகான் திரும்பவும் அவர் பக்கம். வாட்டர்லூவுக்குப் பிறகு அரசரின் ஆட்கள் அவரைச் சிறையில் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஃபிளிண்டர்ஸ் இருந்ததைவிடக் குறைவுதான். பணம் சேர்த்தவர் அல்ல. சேர்த்தது காகிதம். அவருடைய ஆவணங்கள் நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாகச் சொந்த ஊரான கான் நகர நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மஸ்கட் விவகாரம் இவ்வளவு விரிவாகத் தெரிவதற்கு அவையும் ஒரு காரணம்.

மஸ்கட்டில் பிரெஞ்சுக் கொன்சல் வந்து இருந்தது 1894இல், கவேனியாக் திருப்பி அனுப்பப்பட்டுத் தொண்ணூறு வருடம் கழித்து. பழைய மஸ்கட்டில் 'பைத் ஃபரன்சா' என்ற வீட்டை சுல்தான் அவர்களுக்குக் கொடுத்தார். இப்போது அருங்காட்சியகம். மஸ்கட் போகும் உறவுகள் கோட்டைகளைப் பார்த்துவிட்டு ஓடிவராமல் அதையும் பாருங்கள். அபுதாபியில் 2009 மே மாதம் சார்க்கோசி வந்து பிரெஞ்சுப் படைத்தளத்தைத் திறந்துவைத்தார். 2017 நவம்பரில் லூவ்ர் அபுதாபி திறந்தபோது, வெள்ளைக் குதிரையில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் நெப்போலியனின் அந்தப் பேர்போன ஓவியம் வெர்சாயில் இருந்து இரவலாக வந்தது. கெய்ரோவில் இருந்து அவர் எழுதிய கடிதம் வந்து சேரவில்லை, படம் வந்து சேர்ந்தது.

டெகான் 1832 செப்டெம்பரில் பாரிசுக்கு வடக்கே டூய் என்ற சிற்றூரில் இறந்தார். வயது 63. கொலரா. வங்காளத்தில் இருந்து கிளம்பி, பாரசீகமும் ரஷ்யாவும் கடந்து, அந்த வருட வசந்தத்தில் பாரிஸ் வந்து சேர்ந்திருந்த கொலரா.